ஆமையின் தம்பி ஒட்டகம்

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒரே குழம்பை ஊற்றிக்கொள்ளலாம், ஒரே செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படிக்கலாம், அவசரத்துக்கு ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டுகூடப் போகலாம். ஆனால் ஒருவர் எதிரில் ஒருவர் சிகரெட் பற்றவைக்க முடியாது. இதை எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததையெல்லாம் நம் ஆட்கள் மதித்துவிட்டார்களா என்ன? எழுதாததற்குத்தான் பயப்படுவார்கள்.

கணேசமூர்த்தியும் பயந்துதான் வாழ்ந்துகொண்டிருந்தார். குடியாத்தத்தில் மின்வாரிய ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தடியில் நின்று மேலே இருப்பவர்களை அதட்டியே பழகிய குரல். ஒரே பெண் வித்யாலட்சுமி பெங்களூரில், அடுகோடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். "வயசான காலத்துல தனியா எதுக்குப்பா" என்று அவளும் மாப்பிள்ளையும் கூப்பிட, மனைவி சொர்ணத்தோடு போன வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிடுவது லேசான விஷயமில்லை. மகன் வீடென்றால் அதட்டிக் காபி கேட்கலாம். மகள் வீட்டில் காபி வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு மனிதருக்கு மிச்சமிருப்பது மரியாதை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

இவர் விஷயத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. மாப்பிள்ளை ராஜேஷ்குமார் கிருஷ்ணகிரிக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில், பையன் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று புகை விட்டதைப் பார்த்ததாக ஒரு சொந்தக்காரர் வந்து வத்தி வைத்துவிட்டார். கணேசமூர்த்தி குதித்த குதி இருக்கிறதே. "சிகரெட் குடிக்கிறவனுக்கு என் பொண்ணு கிடையாது" என்று கூடத்தில் கத்திவிட்டு, கொல்லைப்புறம் போய் ஒன்றைப் பற்றவைத்து மனசை ஆற்றிக்கொண்டார். கடைசியில் பையனை வள்ளிமலைக்குக் கூட்டிப்போய், முருகன் முன்னால் சூடம் ஏற்றி, அதை அணைத்து "இனி தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்ய வைத்த பிறகுதான் தாம்பூலமே மாற்றினார். ஊருக்குத்தானே உபதேசம்.

அந்தச் சத்தியத்தை வாங்கியவர், பையனைவிட அதிக வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறவர் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

ஆகவே பந்தோபஸ்து பலமாக இருந்தது. லேத் பட்டறைகள் இருக்கிற சந்தில் முனிராஜ் என்பவரின் பெட்டிக்கடை. அங்கே போய் ஊதிவிட்டு, வாயில் ஏலக்காய், விரலில் கசக்கிய கொத்தமல்லித் தழை, தோளில் துண்டு என்று திரும்பி வருவார். மாப்பிள்ளை எதிர்ப்பட்டால் சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. ஆபீஸிலிருந்து வந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நேரே குளியலறைக்குள் போவார். பேச நேர்ந்தாலும் எட்ட நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார்.

"பாத்தியா சொர்ணம், சம்பளத் திமிரு. மூஞ்சி குடுத்துப் பேசறாரா பாரு" என்று கணேசமூர்த்தி புலம்புவார்.

"உங்க மூஞ்சிதான் துண்டுக்குள்ள இருக்குதே, அவர் எதைப் பாத்துப் பேசுவாரு" என்பாள் சொர்ணம்.

சொர்ணத்துக்கு எல்லாம் தெரியும். பெண்டாட்டி மூக்குக்குத் தெரியாத சிகரெட் இந்த உலகத்தில் உண்டா? கல்யாணமான நாளிலிருந்து திட்டி, அழுது, பட்டினி கிடந்து, ஓய்ந்துபோய் விட்டிருந்தாள். ஆனால் ஒருநாள் துவைக்க எடுத்த சட்டையில் நெருப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு ஏறிவிட்டது.

"இது மாப்ள தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த சட்டைங்க. ஒரு தடவதான் போட்டிருக்கீங்க. இனிமே ஒரு தரம் நெடி வந்துச்சு, நான் உங்ககிட்ட சண்டைக்கெல்லாம் வரமாட்டேன். நேரா மாப்ளகிட்ட போய் சொல்லிடுவேன். உங்ககிட்ட சூடம் அணைச்சாரே, இப்ப நீங்க அவருகிட்ட அணைங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவரை ஆட்டிவிட்டது.

மறுநாள் காலை முனிராஜ் கடையில் போய் நின்று, "இன்னையோட கடைசி முனிராஜ்" என்றார்.

முனிராஜ் இந்த வசனத்தை எத்தனையோ வாயால் கேட்டவர். "ஆயித்து ஸார்" என்று கன்னடத்தில் 'சரி' சொல்லி, கயிற்றில் தொங்கிய லைட்டரை நீட்டினார். "போன கடைசிக்கும் நான்தான நெருப்பு குடுத்தேன்."

"இல்லப்பா, இது நெஜம். வீட்ல விஷயம் முத்திப்போச்சு."

முனிராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்போனை வாங்கி எதையோ இறக்கினார். "இங்க ஒரு கஸ்டமர் இதப் போட்டிருக்காரு ஸார். 'விட்டாச்சு'ன்னு ஆப். அவரு வாங்கறது பாதியா கொறஞ்சுபோச்சு. எனக்கு நஷ்டம்தான். என்ன செய்யறது, நம்ம கஸ்டமரு நல்லா இருந்தாத்தான வேற ஏதாவது வாங்குவாரு."

விட்டாச்சு கேள்வி மேல் கேள்வி கேட்டது. எந்தப் பகுதி, எந்த மொழி, எத்தனை வருஷப் பழக்கம். வயது என்ற இடத்தில் கணேசமூர்த்தி நாற்பத்தெட்டு என்று போட்டார். முனிராஜ் அவருடைய வழுக்கையைப் பார்த்துவிட்டு, வெற்றிலையில் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். அந்த ஆப்பில் சொந்தப் பெயர் கிடையாது. அதுவே ஒரு பெயர் வைத்தது: பொறுமையான ஆமை. பிறகு, "உங்கள் பகுதியில், உங்கள் மொழியில், உங்களைப் போலவே போராடும் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துள்ளோம். வாழ்த்துகள், ஆமை" என்று சொல்லி, உறுதியான ஒட்டகம் என்று ஒருவரைக் கோத்துவிட்டது. யாருக்காவது ஆசை முட்டிக்கொண்டு வந்தால் 'தவிப்பு' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். ஜோடியின் போனில் அது அதிரும். அவர் நல்ல வார்த்தை சொல்லிக் கரையேற்ற வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"வணக்கம் ஐயா" என்றது ஒட்டகம், முதல் செய்தியில்.

கணேசமூர்த்தி ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். "ஐயா வேணாம். அண்ணன்னு கூப்புடு. எனக்கு நாப்பத்தெட்டுதான்."

"சரிண்ணே."

அந்த 'அண்ணே' அவருக்கு என்னவோ செய்தது. அவர் ஒற்றைப் பிள்ளை, தம்பி தங்கை கிடையாது. பெங்களூருக்கு வந்த பிறகு வீட்டு ஆட்களைத் தவிர அவரிடம் பேசியவர் முனிராஜ் ஒருவர்தான். அதுவும் லைட்டரை நீட்டும் நேரத்துக்கு. இப்போது ஒரு தம்பி கிடைத்துவிட்டான். முகம் தெரியாத தம்பி, ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவன்.

ஒட்டகம் பெரும்பாலும் மத்தியானம்தான் தவிக்கும். ஆமைக்குச் சாப்பிட்டு எழுந்ததும் தாங்காது. "தண்ணி குடி தம்பி. பல்ல தேய்ச்சுட்டு வா. தேய்ச்ச வாயில புகை ருசிக்காது" என்று இவர் சொல்வார். "கை சும்மா இருந்தாத்தான் அண்ணே தேடும். விரலுக்கு வேலை குடுங்க. இப்ப அவரைக்காய் சீசன். கொட்டையை உரிச்சு எடுத்து, ஊற வச்சு, தோலைப் பிதுக்குங்க. ஒரு கிலோ பிதுக்கறதுக்குள்ள ஆசை செத்துடும்" என்று அது சொல்லும்.

ஆமை அப்படியே செய்தது. பெங்களூர் மார்கழியில் அவரைக்காய்க்கா பஞ்சம்? வாசலில் வண்டி வரும்போதெல்லாம் பை நிறைய வாங்கிவந்து, டிவி முன்னால் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிதுக்கினார், பிதுக்கினார், கட்டைவிரல் நகம் பச்சையாகும்வரை பிதுக்கினார். சொர்ணமும் வித்யாவும் அதைச் சாம்பாரில் போட்டார்கள், உப்புமாவில் போட்டார்கள், அரிசிமாவில் தட்டும் அக்கி ரொட்டியில் போட்டார்கள், வேறு வழியில்லாமல் புளியோதரையிலும் போட்டார்கள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று வித்யா கேட்டாள். "கேக்காத. நல்லதுதான் ஆயிருக்கு" என்றாள் சொர்ணம். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி சாப்பிட்டுப் போனார்.

நாள் போகப் போகப் பேச்சு சிகரெட்டைத் தாண்டிவிட்டது. ஒட்டகத்துக்கு வீட்டில் ஒரு கஷ்டம். மாமனார் வீட்டோடு வந்து தங்கியிருக்கிறார்.

"என்ன தம்பி தொந்தரவு பண்றாரா?"

"தொந்தரவெல்லாம் இல்லண்ணே. பேசவே மாட்டார். ஒரு உறுமல்தான்."

கணேசமூர்த்திக்குப் பொங்கிவிட்டது. தன் தம்பியைப் பார்த்து ஒருவர் உறுமுவதா? "பொண்ணு வீட்ல வந்து ஓசியில உக்காந்துக்கிட்டு உறுமல் வேறயா? மானம் ரோஷம் உள்ள மனுசன் அப்படி இருப்பானா? நீ கண்டுக்காத தம்பி. அந்த ஆளுக்கு வளர்ப்பு சரியில்ல" என்று சூடாக அடித்து அனுப்பினார். அனுப்பிவிட்டு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தாம்பாளத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

ஒட்டகம் தொடர்ந்தது. "என்னைக் கண்டாலே துண்டால வாயைப் பொத்திக்குவாருண்ணே. நான் ஏதோ நாறுற மாதிரி."

ஆமை கொஞ்சம் நிதானித்தது. "சில பேருக்குத் தும்மல் இருக்கும் தம்பி" என்றது.

"இப்ப புதுசா ஒரு கிறுக்கு வேற. விடிஞ்சா அடைஞ்சா டிவி முன்னால உக்காந்து அவரைக்காய் பிதுக்கறாரு. நான் உங்களுக்குச் சொன்ன வைத்தியம் எனக்கே சாம்பாரா வருது. வாய்விட்டுச் சிரிக்கவும் முடியல."

கணேசமூர்த்தி மடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பச்சை நகத்தைப் பார்த்தார். அடுத்த செய்தி வந்து விழுந்தது.

"சிரிக்கறேன், ஆனா மனசு நெஜமா வலிக்குதுண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி வள்ளிமலையில சூடம் அணைச்சு இவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். காப்பாத்தல. அவரு நல்ல மனுசன், நேர்மையான ஆளு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவரு மூஞ்சியைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்ல. வாய் நாத்தம் தெரிஞ்சுடுமோன்னு எட்ட நின்னு சுவத்தப் பாத்துப் பேசறேன். அவருக்குத் தெரியறதுக்குள்ள விட்டுடணும்ணே. அதுக்குத்தான் இவ்வளவும்."

மாப்பிள்ளை அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கணேசமூர்த்தி தவிப்புப் பொத்தானை அழுத்தினார். மேஜை மேலிருந்த போன் புர்ரென்று அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. எட்டிப் பார்த்தார். 'பொறுமையான ஆமை தவிக்கிறது. உடனே உதவுங்கள்.'

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, நேரே முனிராஜ் கடைக்குப் போனார்.

"அந்த ஆப் போட்ட கஸ்டமர் யாருப்பா?"

முனிராஜ் கையிலிருந்த வெற்றிலையை ஓரமாக வைத்தார். பிறகு, "தெரிஞ்சுபோச்சா ஸார்" என்றார். "என்னைத் திட்டாதீங்க. அவரு ஆபீஸ் போறப்ப ஒரு தரம், வர்றப்ப ஒரு தரம். நீங்க அவரு போன பின்னாடி, வர்றதுக்கு முன்னாடி. ஒரு நாள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா ஒரே நேரத்துல வந்துட்டீங்க. நான் வேணும்னே ஷட்டரை இறக்கி, கடை லீவுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்குதா? மாமனார் மரியாதைய நான் எதுக்கு ஸார் கெடுக்கணும்."

"அப்புறம் ஏன்யா அதே ஆப்பை எனக்கும் போட்டுக் குடுத்த?"

"அது நல்ல ஆப்புன்னுதான். ரெண்டு பேரையும் சேத்து முடிச்சு போடும்னு எனக்கு என்ன தெரியும்?"

கணேசமூர்த்தி கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். திமிர் பிடித்தவன் என்று அவர் திட்டித் தீர்த்த பையன், அவரை நேர்மையானவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த நல்ல பேர்தான் தாங்க முடியாமல் இருந்தது. உண்மையைச் சொன்னால் மரியாதை போகும். மரியாதை போனால் போகட்டும் என்றால் தம்பியும் போவான். இந்த ஊரில் அவருக்கென்று கிடைத்த ஒரே ஆள். சொல்லாமல் விலகிக்கொண்டால் பையன் மறுபடி புகைக்குத்தான் போவான். எப்படிப் பார்த்தாலும் பள்ளம்தான். கடைசியில் அவர் செய்தது, ஒன்றும் செய்யாததுதான். ஆமை ஆமையாகவே இருந்தது.

ஆனால் வீட்டில் கொஞ்சம் அன்பாக நடந்துபார்க்கலாம் என்று ஆரம்பித்தார். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை வரும் நேரம் பார்த்து வாசலிலேயே நின்று, பல் தெரியச் சிரித்து, "வாங்க மாப்ள, ட்ராஃபிக் ஜாஸ்தியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். மாப்பிள்ளை வெலவெலத்துப்போய் செருப்போடு குளியலறைக்குள் ஓடினார். சற்று நேரத்தில் ஆமைக்குச் செய்தி வந்தது. "அண்ணே, மாமனாருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. கிட்ட வந்து மோந்து பாக்கறாரு."

"இருக்காது தம்பி. பாசமா இருக்கும்" என்று ஆமை மன்றாடியது.

"அவருக்கா? அவரைக்காய் மேல வேணா இருக்கும்."

அந்தத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சொர்ணமும் வித்யாவும் துணி எடுக்கச் சிவாஜிநகர் போயிருந்தார்கள். மாப்பிள்ளை காலையிலிருந்து உள் அறையில் போனில் பேசிக்கொண்டே இருந்தார். குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் கதவு திறந்தது. ராஜேஷ்குமார் எங்கேயும் பார்க்காமல் வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடிச் சத்தம் வீட்டைத் தாண்டி மேலே மொட்டை மாடிக்குப் போனது. கணேசமூர்த்தியின் போன் அதிர்ந்தது.

"அண்ணே, முடியல. ஆபீஸ்ல ஆள் குறைக்கறாங்க. என் டீம்ல பாதிப் பேருக்கு வேலை போயிடுச்சு. அதை நானே போன் போட்டுச் சொல்லணும்னுட்டாங்க. ஒரு பையன் அழுதான்ணே. பாக்கெட் வாங்கிட்டேன். மாடியில இருக்கேன். மன்னிச்சுக்கங்க."

ஒற்றை விரலால் எவ்வளவு வேகமாக அடிக்க முடியும்? 'பொ' வர வேண்டிய இடத்தில் 'மொ' வந்தது. அழித்தார். மறுபடி அடித்தார். அடித்துக்கொண்டே எழுந்தார், அடித்துக்கொண்டே படியேறினார். கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை, அடிக்க ஒரு கை, வலிக்கிற முட்டியைத் திட்ட ஒரு வாய். "பொறு தம்பி. பத்தவைக்காத. அண்ணன் வந்துட்டே இருக்கேன்" என்று எழுதி முடித்து அனுப்பினார். படிக்கட்டில் சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரும் ஏறிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றிருந்தார். வாயில் பற்றவைக்காத சிகரெட், கையில் தீப்பெட்டி. மாமனாரைக் கண்டதும் சிகரெட் பிடுங்கப்பட்டு முதுகுக்குப் பின்னால் போனது, தலை தானாகக் குனிந்தது. உலகமே இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் நம் கை செய்யும் வேலை அது.

"மாமா."

"துணி காஞ்சிருக்கான்னு பாக்க வந்தேன்" என்றார் கணேசமூர்த்தி, மூச்சு வாங்க. கொடியில் ஒரு துணிகூட இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் வந்தது. மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இவர் கையிலிருந்த போன், 'ஆமையே, உங்கள் செய்தி ஒட்டகத்தைச் சென்றடைந்தது' என்று ஒரு மணியை அடித்தது. ராஜேஷ்குமார் தன் போனைப் பார்த்தார். பிறகு மாமனாரின் கையைப் பார்த்தார். பிறகு அந்த மூச்சு வாங்கும் நெஞ்சைப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தார். வாய் வரவில்லை. "அவரைக்காய்லேர்ந்து, மாப்ள."

ராஜேஷ்குமார் சிரிப்பார் என்று அவர் ஒரு நொடி நம்பினார். சிரிக்கவில்லை.

"என்னைக் கொண்டுபோய் சாமி முன்னால நிறுத்துனீங்க" என்றார் மாப்பிள்ளை. "எங்கப்பா அம்மா பாக்க சூடம் அணைக்க வச்சீங்க. கல்யாணமான நாளா உங்க மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் செத்துக்கிட்டிருந்தேன் மாமா. நீங்களும் அன்னைக்கே குடிச்சுட்டுத்தான இருந்தீங்க? அண்ணன்னு நெனச்சு எல்லாத்தையும் கொட்டுனேனே. அதையும் உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க."

கணேசமூர்த்தி பேச வாயெடுத்தார். கை பழக்கத்தில் தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியது. துண்டு இல்லை. வெறும் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டு, பாக்கெட்டோடு கீழே இறங்கிப் போனார்.

சொர்ணமும் வித்யாவும் சாயந்திரம் திரும்பி வந்தபோது வீடு பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தது. "என்னங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றாள் சொர்ணம். "படியேறினேன்" என்றார். மாப்பிள்ளை உள் அறையை விட்டு வரவில்லை. பெண்கள் இருவரும் டிவியில் சீரியலைப் போட்டுவிட்டு, சமையலறைக்குள் நின்றபடியே அதற்குக் காது கொடுத்துக்கொண்டு தோசை வார்த்தார்கள்.

கணேசமூர்த்தி சோபாவின் ஓரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு வரி வந்திருந்தது. 'உங்கள் ஜோடி வேறு ஜோடிகளைப் பார்வையிடுகிறார். மனம் தளராதீர்கள், ஆமை.' மிஷினுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். அவருக்கு மரியாதை போன துக்கம்கூட அவ்வளவாக இல்லை. அந்த 'அண்ணே' இனி வராது என்பதுதான் தாங்கவில்லை. நாளைக் காலை குடியாத்தம் பஸ்ஸுக்குச் சொர்ணத்திடம் என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

போன் அதிர்ந்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்து உள் அறைக் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"இருக்கேன் தம்பி."

"இன்னிக்கு மாமனார்கிட்ட மாட்டிக்கிட்டேண்ணே."

கணேசமூர்த்திக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் ஒற்றை விரல் எழுத்தைத் தேடியது. "அப்புறம் என்னாச்சு தம்பி?"

"அவரும் குடிக்கறவராம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசிட்டேன். ஆனா பேசினதெல்லாம் நெஜம்தாண்ணே. திரும்ப வாங்கிக்க மாட்டேன்."

"வாங்கிக்காத. அவருக்கு வேணும்."

"பாக்கெட்டைக் கீழ எறங்கறப்பவே குப்பையில போட்டுட்டேன். ஒண்ணுகூடக் குடிக்கல."

"நல்லது தம்பி."

சமையலறையில் தோசை சுரீரென்றது. பிறகு அடுத்த செய்தி வந்தது. "அவருக்கு முட்டிவலிண்ணே. மாடி ஏறவே மாட்டாரு. இன்னிக்கு ஓடி வந்தாரு."

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். சரியாக வரவேண்டும் என்று மெதுவாக அடித்தார். "தம்பி, அவரு உன்கிட்ட அந்தச் சத்தியத்தைக் கேட்டிருக்கக் கூடாது. கேக்கறதுக்கு அவருக்கு அருகதை இல்ல. இத்தனை வருஷம் உன்னைக் கூனிக்குறுக வச்சுட்டாரு. அவருக்கு நேர்ல சொல்ல வாய் வரல. மரியாதை மரியாதைன்னே வளந்த ஆளு. அவரு உன்கிட்ட மன்னிப்பு கேக்கறாருன்னு என்னைச் சொல்லச் சொன்னாரு."

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சீரியலில் யாரோ யாரையோ வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் போன் அதிர்ந்தது.

"அவரை எங்கயும் போகவேணாம்னு சொல்லுங்கண்ணே. நாளைக்கு மத்தியானம் நான் தவிப்பேன். நீங்க இருக்கணும்."

கணேசமூர்த்திக்கு உடைந்துவிட்டது. கம்பத்தடியில் நின்று ஊரையே அதட்டிய மனிதர், சோபாவின் ஓரத்தில் குனிந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சத்தத்தை அடக்க முடியாமல் அழுதார்.

"என்னங்க சத்தம் அது?" என்று சமையலறையிலிருந்து சொர்ணம் கேட்டாள்.

உள் அறைக் கதவு திறந்தது. ராஜேஷ்குமார் வெளியே வந்தார். மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை மேலிருந்த ரிமோட்டை எடுத்து, டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். "சீரியல்தான் அத்தை" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, மாமனார் அழுது முடிக்கும்வரை டிவிக்கும் அவருக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.